ஏறி உட்காரும் கப்பல்கள்: க்ரோன்ஷ்டாட் முதல் மூர்மன்ஸ்க் வரை

பிப்ரவரி 18, க்ரோன்ஷ்டாட்

கடல்மேல் ஆள் உட்கார்ந்திருப்பதை இன்று பார்த்தேன். ஒருவர் இருவர் அல்ல, கண்ணுக்கு எட்டியவரை கறுப்புப் புள்ளிகளாக நூறு பேராவது இருப்பார்கள். பின்லாந்து வளைகுடா உறைந்து கிடக்கிறது. ஐஸில் ஓட்டை போட்டு, பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். தூத்துக்குடியில் இருபத்தெட்டு வருஷம் டக் கப்பலில், அதாவது பெரிய கப்பல்களை இழுக்கும் இழுவைக் கப்பலில், என்ஜின் பார்த்தவன் நான். தண்ணீர் என்றால் அசையும் என்பதே என் உடம்புக்குத் தெரிந்த கணக்கு. அசையாத கடலைப் பார்த்ததும் கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

மகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறாள், இது ஐந்தாம் ஆண்டு. "மே மாசம் வாங்கப்பா, குளிர் போயிரும்" என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொன்னாள். எனக்குக் குளிர் வேண்டியிருந்தது. பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களைப் பார்க்க வருகிறவன் பனிக்கட்டி இல்லாத மாதத்தில் வந்து என்ன செய்ய? வேலையில் இருந்த காலம் முழுக்க மனதில் கிடந்த ஆசை இது. ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பிப்ரவரியிலேயே விமானம் ஏறிவிட்டேன். இந்த வாரம் முழுக்க நடப்பதை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

க்ரோன்ஷ்டாட் ஒரு தீவு நகரம். பீட்டர்ஸ்பர்க்குக்குக் கடல் வாசல் இதுதான். இப்போது வெள்ளத் தடுப்பு அணையின் மேலேயே சாலை போகிறது, பஸ்ஸில் வந்துவிட்டோம். அந்தக் காலத்தில் கோடையில் படகு, ஐஸ் இறுகிய பிறகு குதிரைச் சறுக்கு வண்டி. நடுவில் பாதி உறைந்தும் பாதி உறையாமலும் இருக்கும் வாரங்களில் இரண்டுமே கிடையாது. தீவுக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சங்கடத்தில்தான் இந்த ஊர் வியாபாரி ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. மிகயீல் பிரித்னெவ் என்று பெயர், சொந்தமாகச் சின்ன நீராவிக் கப்பல்கள் வைத்திருந்தவர். 1864ல் 'பைலட்' என்ற தன் கப்பலின் அணியத்தை, அதாவது முன்முகத்தை, சரிவாக வெட்டிவிட்டார். ஏராவோடு, அதாவது கப்பலின் அடித்தண்டோடு, சுமார் 20 பாகை சாய்வு. செங்குத்தாக இருந்தால் ஐஸில் போய் முட்டி நிற்கும். சரித்துவிட்டால் முட்டாமல் வழுக்கி மேலே ஏறும். ஏறியதும் கப்பலின் கனம் ஐஸ் மேல் உட்காரும், ஐஸ் கீழ்நோக்கி வளைந்து ஒடியும்.

விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் கனமான இரும்புக் குண்டுகளை மேலிருந்து போட்டு உடைப்பது, அணியத்தில் கூர்மையாக இரும்பைப் பூட்டி இடிப்பது என்று எதையெல்லாமோ முயன்றிருக்கிறார்கள். பனிக்கட்டியை நசுக்குவது கடினம். வளைத்து ஒடிப்பது சுலபம். மிட்டாய்க் கட்டியைக் கையில் வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது, இரண்டு முனையைப் பிடித்து மடக்கினால் 'டக்'கென்று போய்விடும் அல்லவா, அப்படித்தான். 1871 குளிர்காலத்தில் ஹாம்பர்க் துறைமுகம் உறைந்தபோது ஜெர்மானியர்கள் இந்த வடிவத்தை வாங்கிக்கொண்டு போய்த் தங்களுக்கென்று ஒன்று கட்டினார்கள்.

பிறகு நங்கூரச் சதுக்கத்துக்கு நடந்தோம். அட்மிரல் மக்காரவின் சிலை அங்கே 1913லிருந்து நிற்கிறது. பீடத்தில் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள். அவற்றில் ஒன்றைத்தான் நான் தேடினேன்: பனிக்கட்டிக்கு நடுவே 'எர்மாக்'. ஆர்க்டிக்கின் கெட்டிப் பனியை எதிர்கொள்ளவென்றே கட்டிய முதல் பெரிய பனியுடைக்கும் கப்பல். மக்காரவ் 1897ல் ஓர் உரை நிகழ்த்தினார், தலைப்பே 'வட துருவத்துக்கு, இடித்துக்கொண்டே நேராக!' என்பதுதான். தனிம அட்டவணை தந்த மெண்டெலீவ் அவருக்குத் துணை நின்றார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் கட்டுமானத் தளத்தில் கப்பல் உருவாகி, 1899 மார்ச்சில் வளைகுடா ஐஸை உடைத்துக்கொண்டு இதே க்ரோன்ஷ்டாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊர் மக்கள் ஐஸ் மேல் நடந்தே போய்க் கப்பலை எதிர்கொண்டார்களாம்.

சிற்பத்தில் எர்மாக் கம்பீரமாகத் தெரிகிறது. உண்மையில் அந்த வருஷ ஆர்க்டிக் பயணத்தில் அது அடிபட்டுத் திரும்பியது. எர்மாக்குக்குப் பின்னால் மூன்று புரொப்பல்லர், முன்னால் அணியத்துக்கு அடியில் ஒன்று. முன்புறப் புரொப்பல்லர் அமெரிக்கப் பேரேரிகளில் நன்றாக வேலை செய்த முறை: ஐஸுக்கு அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் ஐஸுக்குத் தாங்கல் போய்விடும், சீக்கிரம் ஒடியும். ஏரிக்கும் பால்டிக்குக்கும் அது சரி. ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுப் பக்கம் பல வருஷத்து முதிர்ந்த பனிப்பாளங்கள் பாறை மாதிரி உருண்டு வந்து முன்புறத்தையே தாக்கின. கப்பலுக்குள் தண்ணீர் கசிந்தது. நியூகாசிலுக்குக் கொண்டுபோய் முன்புரொப்பல்லரைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி போனார்கள். இரண்டாம் முறையும் உடம்பில் ஓட்டை. மக்காரவை எள்ளி நகையாடியவர்கள் நிறையப் பேர்.

அந்தக் குளிர்காலமே எர்மாக் தன்னை நிரூபித்துவிட்டது. பின்லாந்து வளைகுடாவில் ஹோக்லாந்து தீவருகே பாறையில் ஏறிவிட்ட 'அப்ராக்சின்' போர்க்கப்பலை மீட்கப் போயிருந்தது. அப்போது ரஷ்ய இயற்பியலாளர் பபோவ் தன் கம்பியில்லாத் தந்தியை அங்கே நிறுவியிருந்தார். அதில் வந்த முதல் செய்திகளில் ஒன்று மீனவர்களைப் பற்றியது. அவர்கள் உட்கார்ந்திருந்த பனிப்பாளம் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது, எர்மாக் உடனே போகவேண்டும் என்று. போய்க் காப்பாற்றியது. சதுக்கத்தில் நின்றுகொண்டு மகள் இதை எனக்குச் சொன்னபோது, காலையில் பார்த்த அந்தக் கறுப்புப் புள்ளிகளை நினைத்துக்கொண்டேன். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் கரையில் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மக்காரவ் 1904ல் போர்ட் ஆர்தரில் தன் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். எர்மாக் 1963 வரை வேலை செய்தது.

பிப்ரவரி 19, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

ரஷ்ய மொழியில் இந்தக் கப்பலுக்கு 'லெதகோல்' என்று பெயர். 'ல்யோத்' பனிக்கட்டி, 'கலோத்' பிளப்பது. விறகு பிளப்பதற்கும் அதே வினைதான் என்று மகள் சொன்னாள். பெயர் வைத்தவர்களுக்குப் பிளப்பதாகத்தான் தோன்றியிருக்கிறது. 'கிராசின்' கப்பலின் அணியத்துக்கு எதிரே கரையில் நின்று பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தவில்லை என்று புரியும். கோடாலி முகம் கிடையாது. தாடை உள்ளே ஒடுங்கி, கழுத்து சரிந்து, கப்பல் ஐஸ் மேல் தவழ்ந்து ஏறத் தயாராக இருப்பது போல நிற்கிறது.

நேவா ஆற்றங்கரையில், வசிலியெவ்ஸ்கி தீவில், சுரங்கவியல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். இதுவும் நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் கட்டியது. 1916ல் நீரில் இறங்கியது, அப்போது பெயர் 'ஸ்வியாதகோர்'. எர்மாக்குக்குத் தம்பி. அண்ணன் பட்ட அடி தம்பியின் உடம்பில் தெரிகிறது: மூன்று புரொப்பல்லரும் பின்னால், முன்னால் ஒன்றுமில்லை. கட்டுமானத்தை ரஷ்யத் தரப்பிலிருந்து மேற்பார்வை பார்த்தவர்களில் ஒருவர் யெவ்கெனி ஸம்யாத்தின். பின்னாளில் பெரிய எழுத்தாளர், படிப்பால் கப்பல் பொறியாளர். எழுதுகிற ஒருவர் ஆணி அடிக்கிற இடத்திலும் நின்றார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

என்ஜின் ரூம் பார்க்கத் தனிச் சீட்டு. இறங்கும் ஏணி செங்குத்து. கீழே போனதும் எண்ணெய் வாசம். நின்றுபோன என்ஜினுக்கும் அந்த வாசம் போவதில்லை. மூன்று நீராவி என்ஜின்கள் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நீராவி மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக விரியும் அமைப்பு. முதல் சிலிண்டர் சிறியது, அடுத்தது பெரியது, கடைசி மிகப் பெரியது. ஒரே நீராவியை மூன்று தடவை வேலை வாங்குவது. மூன்றும் சேர்ந்து 10,000 குதிரைத்திறன். எங்கள் டக்கில் டீசல் என்ஜின்தான். ஆனால் இணைப்புத் தண்டின் தாங்கியில் கையை வைத்துச் சூடு பார்க்கும் பழக்கம் எந்த என்ஜின்காரனுக்கும் ஒன்றுதான். குளிர்ந்து கிடந்த அந்த இரும்பில் கையை வைத்தேன். வழிகாட்டும் பெண்மணி பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார். மகள் பதில் சொன்னதும் என் பக்கம் திரும்பிச் சிரித்துத் தலையசைத்தார்.

"என்னம்மா கேட்டாங்க?"

"உங்க அப்பா மெக்கானிக்கானு கேட்டாங்கப்பா. ஆமானேன்."

அந்த நாளில் கொதிகலன்களுக்கு நிலக்கரிதான். கரி தள்ளுகிறவர்களின் வேலையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வெளியே உறைபனி, உள்ளே நெருப்பின் முன்னால் வேர்த்து வேர்த்து மண்வாரியால் வாரிக்கொட்ட வேண்டும். ஐஸ் உடைக்கும் கப்பல் ஒரே வேகத்தில் போகாது. பின்வாங்கும், பாய்ந்து ஏறும், நிற்கும், மறுபடி பின்வாங்கும். ஒவ்வொரு தடவையும் நீராவி அழுத்தம் இறங்கும், கீழே இருப்பவர்கள் ஏற்றிக் கொடுக்க வேண்டும். கரி தீர்ந்தால் எவ்வளவு பலமான கப்பலும் ஐஸ் நடுவே நின்றுவிடும். இந்த வகைக் கப்பல்களை அணு உலைவரை தள்ளிக்கொண்டு போனது இந்தக் கரிப் பசிதான்.

இந்தக் கப்பல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1918ல், ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, ஆங்கிலேயர் முன்னேறி வருவதைத் தடுக்க வடத்வினா ஆற்றில் இதை மூழ்கடித்தார்கள். ஆங்கிலேயர் தூக்கி எடுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை நடத்தி அதைத் திரும்ப வாங்கியவர் சோவியத் தூதர் லியனீத் கிராசின். அவர் இறந்த மறுவருஷம், 1927ல், அவர் பெயரையே கப்பலுக்கு வைத்தார்கள்.

அடுத்த வருஷமே உலகம் முழுக்க அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. 1928 மே 25 அன்று இத்தாலிய ஆகாயக்கப்பல் 'இத்தாலியா' துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனிமேல் விழுந்தது. பிழைத்தவர்கள் சிவப்புச் சாயம் பூசிய கூடாரத்தில் கிடந்தார்கள். சிறிய அவசர ரேடியோ ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்தது எந்தப் பெரிய நிலையமும் அல்ல, ரஷ்யக் கிராமம் ஒன்றில் நிக்கலாய் ஷ்மித் என்ற இளைஞர், தானே செய்த ரேடியோவில். ஆறு நாடுகள் தேடப் போயின. தேடப்போன நார்வே துருவப் பயணி ஆமுண்ட்சென் திரும்பவே இல்லை. கிராசின் லெனின்கிராடிலிருந்து (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) ஜூன் நடுவில் கிளம்பியது. வழியில் ஒரு புரொப்பல்லர் இதழை ஐஸ் தின்றுவிட்டது. கப்பலில் ஒரு விமானமும் போயிருந்தது. விமானி சுக்னோவ்ஸ்கி பனிமேல் மனிதர்களைக் கண்டுவிட்டார், ஆனால் திரும்பும்போது அவர் விமானமே உடைந்து அவரும் பனியில் மாட்டிக்கொண்டார். தன்னைத் தேட வேண்டாம், முதலில் அவர்களைக் காப்பாற்றுங்கள் என்று செய்தி அனுப்பினார். ஜூலை 12 அன்று கிராசின் இருவரை ஒரு பனிப்பாளத்திலிருந்தும், சில மணி நேரம் கழித்து ஐந்து பேரைச் சிவப்புக் கூடாரத்திலிருந்தும் ஏற்றிக்கொண்டது.

இதோடு முடியவில்லை. கரி குறைந்து, அடிபட்டுத் திரும்பும் வழியில் 'மோன்டே செர்வான்டெஸ்' என்ற ஜெர்மன் பயணிக் கப்பலின் அபயக் குரல் வந்தது. ஐஸில் மோதி ஓட்டை, ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். கிராசின் வழியை மாற்றிக்கொண்டு போய், ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தது. எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரிதாகப் படுகிறது. முதலாவதற்கு அனுப்பினார்கள். இரண்டாவதற்குத் தானாகப் போனார்கள்.

பிப்ரவரி 20, ரயில் ஏறும் முன்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் பால்டிக் கப்பல் கட்டுமானத் தளத்தின் கிரேன்களைத் தூரத்திலிருந்து பார்த்தோம், உள்ளே விடமாட்டார்கள். 1977 ஆகஸ்ட் 17 அன்று வட துருவத்தை எட்டிய முதல் மேற்பரப்புக் கப்பலான, அணுசக்தியில் ஓடும் 'ஆர்க்திகா' இங்கேதான் பிறந்தது. மக்காரவ் சொல்லி எண்பது வருஷம். அதே பெயரில் 2020ல் சேவைக்கு வந்த புதிய ஆர்க்திகாவும் இங்கேதான். நீளம் 173 மீட்டர், அகலம் 34 மீட்டர். அகலத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் வருகிற சரக்குக் கப்பல் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான வாய்க்காலை இது வெட்டிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று: தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் தன் அமிழ்வை 10.5 மீட்டரிலிருந்து 8.5 மீட்டருக்கு மாற்றிக்கொள்ளும். ஆழ்கடலில் கனமாக அமிழ்ந்து ஐஸை அழுத்தும், யெனிசேய் ஆற்று முகத்தின் ஆழமற்ற நீரில் லேசாகி நுழையும். முன்பெல்லாம் கடலுக்கு ஒன்று, ஆற்றுமுகத்துக்கு ஒன்று என்று இரண்டு கப்பல் வேண்டியிருந்தது.

மாலை லாதஷ்ஸ்கி நிலையத்தில் மூர்மன்ஸ்க் ரயில். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டோம்.

பிப்ரவரி 21, ரயிலில்

இரவு முழுக்க பிர்ச் மரங்கள், பகல் முழுக்க பிர்ச் மரங்கள். பெட்டிக் கோடியில் சமவார், எப்போதும் வெந்நீர். இந்த ரயில்பாதை முதல் உலகப் போரின்போது அவசர அவசரமாகப் போட்டது. பால்டிக், கருங்கடல் வாசல்கள் அடைபட்டுப் போனதால், குளிர்காலத்திலும் உறையாத ஒரு துறைமுகம் ரஷ்யாவுக்குத் தேவைப்பட்டது. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் தொடுகிற கோலா விரிகுடா கிடைத்தது. 1916ல் மூர்மன்ஸ்க் பிறந்தது. பனியுடைக்கும் கப்பல்களுக்கெல்லாம் தாய்வீடு உறையாத துறைமுகத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

காந்தலாக்ஷா தாண்டும்போது வெண்கடலின் ஒரு மூலை தெரிந்தது. உண்மையிலேயே வெள்ளையாக இருந்தது.

பிப்ரவரி 22, மூர்மன்ஸ்க்

'லெனின்'. கறுப்பு உடம்பு, மேலே வெளிர் நிறம். கடல் நிலையத்தின் மேடையில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் போகப் போகக் கழுத்து நோக அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. 134 மீட்டர் நீளம், 16,000 டன். உலகின் முதல் அணுசக்தி மேற்பரப்புக் கப்பல் இதுதான். 1957 டிசம்பரில் லெனின்கிராடின் அட்மிரால்டி தளத்தில் நீரில் இறங்கி, 1959 டிசம்பரில் கொடி ஏற்றிச் சேவைக்கு வந்தது. வடிவமைப்புத் தலைவர் வசீலி நெகானவ், அணுவியல் பொறுப்பு அனதோலி அலெக்ஸாந்தரவ், உலையைச் செய்தவர் ஈகர் அஃப்ரிகாந்தவ்.

குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள். நுழைந்ததும் கப்பல் என்ற நினைப்பே போய்விட்டது. சுவரெல்லாம் மரம், பளபளவென்று மெருகு. கைப்பிடி வைத்த அகலமான மாடிப்படி. அதிகாரிகள் கூடத்தில் பியானோ. மாதக்கணக்கில் இருட்டிலும் பனியிலும் இருக்கப்போகிறவர்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். என் மகளை இழுத்து நிறுத்தியது மருத்துவப் பகுதி: அறுவை மேசை, எக்ஸ்ரே, பல் மருத்துவ நாற்காலி. "இங்க ஒரு டாக்டர் தனியா எல்லாத்தையும் பார்க்கணும்ப்பா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

இனி நான் பார்க்கவந்த இடம். உலைப் பகுதியைக் கண்ணாடி வழியே மேலிருந்து பார்க்கலாம். கீழே வெள்ளை உடையில் பொம்மை மனிதர்கள் வேலை செய்வதுபோல் நிற்கிறார்கள். உலையின் சூடு தண்ணீரை நீராவியாக்கும், நீராவி டர்பைனைச் சுற்றும், டர்பைன் மின்சாரம் உண்டாக்கும், மின்சாரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் புரொப்பல்லரை. ஏன் இத்தனை சுற்று, டர்பைனையே நேரே புரொப்பல்லர் தண்டில் கட்டினால் என்ன என்று மகள் கேட்டாள். இதை விளக்க எனக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. ஐஸ் உடையும்போது உடைந்த பாளங்கள் கப்பலுக்கு அடியில் உருண்டு வந்து புரொப்பல்லரில் விழும். சுற்றிக்கொண்டிருக்கும் இதழ் சட்டென்று தடைபட்டு நிற்கப் பார்க்கும். பல்சக்கரத்தால் இணைத்திருந்தால் அந்த அதிர்ச்சி முழுக்க என்ஜினுக்குப் போய்ப் பல் தெறித்துவிடும். மின்மோட்டார் அப்படியல்ல, கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையிலும் முழுப் பலத்தோடு திருகும். முன்னுக்குப் பின் திருப்புவதும் சுலபம். டக் ஓட்டும்போது கயிறு புரொப்பல்லரில் சிக்கிய ராத்திரிகளை நான் மறக்கவில்லை. அதனால் இந்த அமைப்பைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டர்பைன்களின் பலம் மொத்தம் 44,000 குதிரைத்திறன். மூன்று புரொப்பல்லருக்கும் சமமாகப் பங்கிடவில்லை. நடுவில் இருப்பதற்குப் பாதி, ஓரத்து இரண்டுக்கும் கால் கால். நடுப் புரொப்பல்லர் உடம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அடி குறைவாகப் படும், அதற்கு நேர் பின்னால் சுக்கான். பின்னோக்கிப் போகும்போது சுக்கானை ஐஸ் பிடுங்கிவிடாமல் காக்க இரும்புக் கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிக்கொண்டால் விடுபட வேறு வித்தை: பக்கவாட்டுத் தொட்டிகளுக்கிடையே நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைப் பம்ப் செய்து கப்பலையே இடமும் வலமும் ஆட்டுவார்கள். சேற்றில் மாட்டிய மாட்டுவண்டியை அசைத்து அசைத்து எடுப்போமே, அதே கணக்கு. பின்னால் வந்த ஆர்க்திகா வகைக் கப்பல்கள் அடிப்பக்கத்திலிருந்து காற்றுக் குமிழிகளை ஊதி, ஐஸுக்கும் தகட்டுக்கும் உள்ள உராய்வைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் ஐஸ் படும் இடத்துத் தகடு 48 மில்லிமீட்டர். தோணி கட்டுகிறவர்கள் வங்கு என்பார்களே, அந்த விலா எலும்புகளை அணியத்துப் பக்கம் நெருக்கி நெருக்கி வைப்பார்கள்.

உடம்பின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சரிந்து, அடிப்பகுதி உருண்டு இருக்கும். ஐஸ் இருபுறமிருந்தும் நெருக்கினால் கப்பல் நசுங்காமல் மேலே பிதுங்கும். நார்வே துருவப் பயணி நான்சனின் 'ஃப்ராம்' மரக்கப்பலுக்கு இதே உபாயம்தான். அதற்கும் முன்னால் வெண்கடல் ஓரத்து பமோர் மக்களின் 'கோச்' படகுகளுக்கும் இதுதான். அதற்கு விலை உண்டு. திறந்த கடலில் அலை வந்தால் இந்தக் கப்பல்கள் தேங்காய் நெற்று மாதிரி உருளும்.

இந்தக் கப்பலின் கறுப்புப் பக்கத்தையும் எழுதாமல் விட முடியாது. முதலில் இதில் மூன்று உலைகள் இருந்தன. 1965ல் பழுதுபார்ப்பின்போது ஓர் உலையில் எரிபொருள் குளிரூட்டும் நீரில்லாமல் சேதமடைந்தது. 1967ல் இன்னொரு கசிவு. முழு உலைப் பகுதியையும் கப்பலின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்து, நோவயா ஜெம்லியாவின் த்சிவோல்கா விரிகுடாவில் கடலுக்குள் போட்டுவிட்டார்கள். 1970ல் புதிய வகை உலைகள் இரண்டைப் பொருத்தினார்கள். அந்த இரண்டாவது வகையிலிருந்துதான் ஆர்க்திகா உலைகள் வளர்ந்தன. எர்மாக்கின் முன்புரொப்பல்லரைக் கழற்றிப் போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கழற்றிய புரொப்பல்லர் வெறும் இரும்பு. இது அப்படியல்ல. எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் கூடங்குளம், அங்கே இருப்பதும் ரஷ்ய உலைகள்தான். கடலில் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. இந்தக் கப்பலை நேசிக்கிறேன். அந்தக் காரியத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கப்பல் 30 வருஷம் ஓடியது. ஏறத்தாழ 6,54,000 கடல் மைல், அதில் 5,60,000 மைலுக்கு மேல் ஐஸுக்குள். பின்னால் அழைத்துச் சென்ற கப்பல்கள் 3,741. நான் சேவையில் இருந்தபோது ஒவ்வொரு கப்பலையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அதனால் இந்தக் கடைசி எண் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். யாரோ எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாக. 1989ல் ஓய்வு. 2009லிருந்து இந்த மேடையில்.

மேல்தளத்தில், கேப்டன் நிற்கும் இடத்திலிருந்து விரிகுடாவைப் பார்த்தோம். கண்ணாடியில் பனி தூறிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 23, மூர்மன்ஸ்க், கடைசி நாள்

காலையில் வட்டார அருங்காட்சியகம். உள்ளே போகவில்லை, அதன் சுவரோரமாக நிற்கும் எர்மாக் நினைவுச் சின்னத்துக்காகத்தான் போனோம். சுவரில் வண்ணக்கல் சித்திரம், அதன் கீழே கப்பலின் நங்கூரம். எர்மாக்கை உடைக்க வேண்டாம், நினைவாக வைத்திருக்கலாம் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். உடைத்துவிட்டார்கள். கிராசின் நிற்கிறது, லெனின் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மூத்தது இந்த நங்கூரமாக மிஞ்சியிருக்கிறது. பனி மூடிக் கிடந்தது. மகள் கையுறையோடு தட்டித் துடைத்தாள். நங்கூரத்தின் ஒரு கையை மட்டும் தொட்டுவிட்டு வந்தேன்.

மதியம் அல்யோஷா என்று அழைக்கப்படும் போர்வீரன் சிலை நிற்கும் மலைக்கு ஏறினோம். கால் முழங்கால்வரை புதைந்தது. மேலிருந்து விரிகுடா முழுக்கத் தெரிகிறது. ஆவி பறக்கும் கறுப்புத் தண்ணீர், இருபுறமும் வெள்ளைக் குன்றுகள். வடக்கே அணுக்கப்பல்களின் தளம் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, மேலே ஆரஞ்சு வண்ணக் கட்டடம். பெயர் படிக்கும் தூரமில்லை. ஆனால் அந்த அணியத்தின் சரிவு தெரிந்தது. பிரித்னெவ் தன் சின்னக் கப்பலில் வெட்டிய சரிவு இன்னும் உருண்டு, கரண்டியின் முதுகு போல ஆகியிருந்தது.

"அப்பா, இது நம்ம ஊருக்கு வருமா?"

"வராதும்மா. ஆர்க்திகா வகையெல்லாம் குளிர்ந்த கடல்தண்ணியை வச்சுத்தான் உலையை ஆத்துது. நம்ம கடல் அதுக்குக் கொதிக்கிற தண்ணி. வெப்பக் கடலைத் தாண்ட முடியாது."

"அப்ப நாமதான் வரணும்."

ஐந்து மணிவாக்கில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கப்பல் விரிகுடாவின் வளைவை நெருங்கி, திரும்பி, முதலில் உடம்பும் பிறகு விளக்குகளும் மறையும்வரை நின்றோம். கீழே இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பாதை வழுக்கியது.